காலையில் இழுக்கும் கார்: பற்றரியா, வயரா, ஸ்ராட்டரா, எதில் காசைப் போடுவது?

போன மார்கழியில் என் பழைய காருக்குப் புதுப் பற்றரி போட்டேன். ஒன்பதாம் நாள் விடியப்புறம், மகளை ரியூசனுக்கு ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டபோது அதே சத்தம் திரும்ப வந்தது. இழுத்து, நின்று, இன்னொருக்கால் இழுத்து, கடைசியில்தான் பிடித்தது. பற்றரியில் ஒரு குறையும் இல்லை. அதன் மைனஸ் முனையிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் எர்த் வயர், ரப்பர் உறைக்குள்ளேயே பச்சை பூத்துக் கிடந்தது. வெளியே பார்த்தால் நல்ல வயர்தான். வயரிங் செய்யும் தம்பி கத்தியால் உறையைக் கீறினபோது செம்பு இழைகளில் பாதி கையோடு பொடியாக உதிர்ந்து வந்தது. அந்த வயருக்கு நான் கொடுத்த காசு, பற்றரிக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கும் வராது.

அதற்குப் பிறகு யாராவது “கார் விடிய ஸ்ரார்ட் பிடிக்குதில்லை, பற்றரியை மாத்தட்டோ?” என்று கேட்டால், “என்ன சத்தம் வருது?” என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். சார்ஜ் போடுவது, பற்றரி மாற்றுவது, வயர் மாற்றுவது, ஸ்ராட்டர் (எஞ்சினை முதலில் சுற்றிவிடும் மோட்டர்) திருத்துவது, எரிபொருள் பக்கம் பார்ப்பது என்று வழிகள் ஐந்து. ஒன்றுக்கொன்று செலவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எது என்பதைக் காரே தன் சத்தத்தில் சொல்லிவிடுகிறது. அதைக் கேட்காமல் கடைக்குப் போனால் இரண்டு தரம் காசு கொடுக்க வேண்டிவரும்.

முதலில் குளிரை ஒதுக்கி வைப்போம். கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் நம் ஆட்கள் “குளிருக்குப் பற்றரி இழுக்கத்தான் செய்யும்” என்பார்கள். அவர்களுடைய ஊருக்கு அது முழு உண்மை. யாழ்ப்பாணத்தில் தை மாத விடியலில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நல்ல பற்றரிக்கு அது குளிரே இல்லை. இங்கே பற்றரியைக் கொல்வது வெயில். வெப்பம் 10 பாகை கூடினால் பற்றரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. சித்திரை, வைகாசி வெயிலில் பொனட்டுக்குள் வெந்து பழுதான பற்றரி, மார்கழியில் ஈரமும் இலேசான குளிரும் சேரும்போது தன் வருத்தத்தைக் காட்டுகிறது. அதோடு கடற்காற்று. பண்ணைப் பாலம் கடந்து தீவுப்பகுதிக்குத் தினமும் போய்வரும் வாகனங்களின் பொனட்டைத் திறந்து பாருங்கள். ரெர்மினலில் நீலமும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும்.

சத்தத்தைக் கேட்பது

விடிய முதல் தரம் திறப்பைத் திருப்பும்போது முன் லைற்றைப் போட்டு, சுவரைப் பார்த்தபடி திருப்புங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

எஞ்சின் மெதுவாக, மூச்சுத் திணறுகிற மாதிரிச் சுற்றி, லைற்றும் நன்றாக மங்கினால் மின்சாரம் போதவில்லை. பற்றரி இறங்கியிருக்கலாம், அல்லது வழியில் வயரோ ரெர்மினலோ தடுத்துக்கொண்டிருக்கலாம். “டக் டக் டக்” என்று விடாமல் அடித்தாலும் அதே பக்கம்தான். ஒரே ஒரு “டக்” மட்டும் கேட்டு, லைற் பளிச்சென்று அப்படியே நின்றால் சந்தேகம் ஸ்ராட்டர் மோட்டர் மேல் விழ வேண்டும். எஞ்சின் வழமையான வேகத்தில் கலகலவென்று சுற்றியும் பிடிக்கவில்லையா? அப்படியென்றால் பற்றரியும் ஸ்ராட்டரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. பெற்றோலையோ ஸ்பார்க்கையோ பார்க்க வேண்டும். அந்தக் காருக்குப் புதுப் பற்றரி போடுவது, கால் நோவுக்குக் கண்ணில் மருந்து விடுவது மாதிரி.

சத்தம் கேட்டாயிற்று என்றால் அடுத்தது அளவு. வோல்ற்றும் அம்பியரும் அளக்கும் மல்ரிமீற்றர் ஒன்று வாங்கி வைத்திருங்கள். எந்தப் பற்றரியையும்விட அதன் விலை மிகக் குறைவு. இரவு நிறுத்தின காரில், விடிய எதையும் போட முன், பற்றரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ற் என்றால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. பிறகு ஒருவர் திறப்பைத் திருப்ப மற்றவர் மீற்றரைப் பார்க்க வேண்டும். சுற்றும் நேரத்தில் 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் அந்தப் பற்றரிக்குப் பலமில்லை. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் 13.8க்கும் 14.5க்கும் இடையில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அல்ரனேற்றர் (எஞ்சின் ஓடும்போது பற்றரிக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி) சார்ஜ் பண்ணவில்லை. அதைத் திருத்தாமல் எத்தனை பற்றரி போட்டாலும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இனி ஒவ்வொரு வழியாக.

சார்ஜ் போடுவதா, புதிது வாங்குவதா

விடிய 12.2 காட்டும் பற்றரி செத்த பற்றரி அல்ல. பட்டினியாக இருக்கிறது. கொக்குவிலிலிருந்து ரவுணுக்கு, ரவுணிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்று ஐந்து கிலோமீற்றர் ஓட்டமாக, ஏசியும் பாட்டும் போட்டுக்கொண்டு ஓடினால், ஸ்ரார்ட்டுக்குச் செலவானது திரும்ப ஏறுவதற்குள் காரை நிறுத்திவிடுகிறோம். இப்படி மாதக்கணக்கில் அரைச் சார்ஜில் இருந்தால் உள்ளே தகட்டில் சல்பேற் இறுகிப் பிடிக்கும். ஆரம்பத்திலேயே கவனித்தால் மீளும். 35 அம்பியர் மணிப் பற்றரிக்கு மூன்றரை அம்பியர் அளவில் மெதுவாக இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, ஒருநாள் சும்மா வைத்து அளந்து பாருங்கள். 12.6இல் நின்றால் பற்றரி நல்லது. எதனால் இறங்கியது என்பதைத்தான் தேட வேண்டும். அடுத்த நாளே 12.2க்கு வழுக்கினால் பற்றரிக்குச் சார்ஜைப் பிடித்து வைக்கும் பலம் போய்விட்டது. அதற்கு மேல் அதில் சதமும் போடாதீர்கள்.

தண்ணீர் விடும் பற்றரியென்றால், உள்ளே இருக்கும் அமிலத்தின் அடர்த்தியை அறை அறையாக அளக்கும் ஹைட்ரோமீற்றர் இன்னும் தெளிவாகச் சொல்லும். ஆறு அறையும் 1.26 அளவில் ஒத்திருந்தால் நல்லது. ஐந்து அறை ஒத்திருந்து ஒன்று மட்டும் 0.05 கீழே நின்றால் முடிவு தெரிந்துவிட்டது.

எனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய விடயம் இந்தத் தண்ணீர்தான். நம் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்த கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லா வீட்டிலும் தெரிந்த காட்சி. கரையோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்திருக்கும். அந்தத் தண்ணீரை, “கொஞ்சம்தானே” என்று பற்றரிக்குள் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கல்சியமும் உப்பும் உள்ளேயே தங்கித் தகட்டைத் தின்னும். வடித்த நீர்ப் போத்தல் ஒன்றை வாங்கி வையுங்கள். விலை ஒன்றும் பெரிதல்ல.

புதிது வாங்குவது என்று முடிவாகிவிட்டால், தண்ணீர் விடுவதா, மூடிய பற்றரியா என்ற கேள்வி வரும். மாதத்துக்கு ஒருக்கால் பொனட்டைத் திறந்து மட்டம் பார்ப்பவர் நீங்கள் என்றால் தண்ணீர் விடும் பற்றரி நல்ல தெரிவு. விலை குறைவு, ஒவ்வொரு அறையாகச் சோதிக்கவும் முடியும். பார்க்க நேரமில்லை என்றால் மூடியதே மேல். இந்த வெயிலில் தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிந்துவிட்டால் பிறகு எதைச் செய்தும் அந்தப் பற்றரி பழையபடி வராது. எதை வாங்கினாலும் தயாரித்த திகதியைக் கேளுங்கள். தட்டில் ஆறு மாதத்துக்கு மேல் கிடந்ததை வாங்க வேண்டாம். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் போடுவித்து வாங்குங்கள்.

நல்ல பற்றரி இரவில் இறங்குகிறதென்றால் ஏதோ ஒன்று களவாகக் குடிக்கிறது. கார் வாங்கினபின் பூட்டின அலாரம், டாஷ் கமரா, ஜீபிஎஸ் கருவி, டிக்கிக்குள் அணையாத சின்ன பல்ப். மீற்றரை 10 அம்பியர் அளவில் வைத்து கழற்றிய மைனஸ் வயருக்கும் பற்றரி முனைக்கும் நடுவே தொடுத்து, கதவுகளை மூடி, அரை மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் சரி. 300 இருந்தால் நாளொன்றுக்கு 7 அம்பியர் மணி போகிறது. சின்னக் கார் பற்றரி இரண்டரை நாளில் பாதியாகிவிடும். ஒவ்வொரு பியூஸாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றும்போது இலக்கம் விழுகிறதோ அந்த வழியில் கள்ளன் இருக்கிறான். மீற்றர் தொடுத்தபடி மட்டும் காரை ஸ்ரார்ட் பண்ணிவிடாதீர்கள், மீற்றரின் பியூஸ் போய்விடும்.

வயரும் எர்த்தும்

செலவு மிகக் குறைந்த வழி இது. பற்றரிக்கு முதல் இதைப் பார்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன். சின்னப் பெற்றோல் காரின் ஸ்ராட்டரே நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு போகும் பாதையில் கொஞ்சம் துரு இருந்தாலும் வோல்ற் அங்கேயே விழுந்துவிடும். லைற்றும் பாட்டும் சில அம்பியரில் ஓடுவதால் அவை வடிவாக வேலை செய்யும். “லைற் எரியுதுதானே, வயர் நல்லதுதான்” என்று நினைக்க வைப்பது இதுதான்.

என் காரில் அந்தத் தம்பி செய்த சோதனை இரண்டு நிமிடம். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் முனையில், வயர்க் கவ்வியில் இல்லை, ஈயக் குமிழிலேயே வைத்தார். மற்ற முனையை எஞ்சினின் வெறும் இரும்பில் வைத்தார். “அண்ணை, இப்ப ஸ்ரார்ட் பண்ணுங்கோ” என்றார். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டக் கூடாதாம். 1.4 காட்டியது. “பற்றரியை ஏன் மாத்தினனீங்கள்? இதல்லோ பிழை” என்றார் அவர். பிளஸ் பக்கமும் அப்படியே, பற்றரியிலிருந்து ஸ்ராட்டர் வரை பார்த்தால் அரை வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும்.

ரெர்மினலில் பூத்ததைக் கழுவ, வெந்நீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றினால் போதும். அறை மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா உள்ளே போகக் கூடாது. கழற்றும்போது மைனஸை முதலில், பூட்டும்போது மைனஸைக் கடைசியில். உரஞ்சிப் பளபளப்பாக்கிப் பூட்டினபின் மேலே வாஸலின் பூசுங்கள். உப்புக்காற்றுக்கு அதுதான் குடை.

ஸ்ராட்டர்: திருத்துவதா, மாற்றுவதா

ஒற்றை “டக்” கேட்கும் கார்களில், குறிப்பாக ஜப்பான் கார்களில், பெரும்பாலும் தேய்ந்திருப்பது சொலனொயிட்டுக்குள் (ஸ்ராட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிச்சுக்குள்) இருக்கும் இரண்டு செம்புத் துண்டுகள். ஒவ்வொரு ஸ்ரார்ட்டிலும் தீப்பொறி பட்டுப் பட்டுக் குழிவிழுந்திருக்கும். பத்துத் தரம் திருப்பினால் ஒன்பதாம் தரம் பிடிக்கும். நாள் போகப் போக அந்த எண்ணிக்கை கூடும். வீல் ஸ்பானரால் ஸ்ராட்டரில் இரண்டு தட்டுத் தட்டினால் ஓடுகிறதென்றால் உள்ளே சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் காபன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். தட்டித் தட்டி ஒரு கிழமை ஓடலாம், அதற்கு மேல் நம்பக் கூடாது.

இங்கே மூன்று வழி. உள்ளதைக் கழற்றிச் செம்பும் பிரஷும் மாற்றுவது, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ஸ்ராட்டரைப் போடுவது, புதிய மாற்றுத் தயாரிப்பு வாங்குவது. என் தெரிவு முதலாவது. காரோடு வந்த ஸ்ராட்டரின் வைன்டிங்கும் (உள்ளே சுற்றின செம்புக் கம்பி) தண்டும் நன்றாக இருந்தால், தேய்கிற சின்னச் சாமானை மட்டும் மாற்றி இன்னும் பல வருடம் ஓட்டலாம். அப்படித் திருத்தக்கூடிய கைகள் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. பொருள் வராத காலத்தில் எதையும் எறியாமல் திருத்தி வாழ்ந்த ஊர் இது. பாவித்ததை எடுப்பதென்றால் கடையிலேயே பற்றரியில் தொடுத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதற்குள்ளும் செம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று திறக்காமல் தெரியாது. விலை மலிவான புதியதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். வைன்டிங் கருகி மணக்கிறதென்றால் மட்டும் திருத்தும் பேச்சை விட்டு மாற்றிவிடலாம்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே நம் முற்றங்களில் நிற்கும் கார்களில் பல பத்து, பதினைந்து வயதைத் தாண்டியவை. ஸ்ராட்டர் தேய்வது அந்த வயதுக்கு இயல்பானது. வாகனம் முழுவதற்கும் காலம் முடிந்துவிட்டதென்று பயப்படத் தேவையில்லை.

நன்றாகச் சுற்றியும் பிடிக்காத கார்

தொண்ணூறுகளில், போரால் பெற்றோல் ஊருக்கு வராத பொருளாதாரத் தடைக் காலத்தில், அப்பாவின் மொரிஸ் மைனர் மண்ணெண்ணெயில் ஓடியது. விடிய அப்பா பொனட்டைத் திறந்து, சின்னப் போத்தலில் கட்டிக் காத்து வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் கார்பரேற்றர் வாயில் விடுவார். அந்தத் துளியில் எஞ்சின் பிடிக்கும். சூடு ஏறியபின் மண்ணெண்ணெய் எரியும். குளிர்ந்த எஞ்சினுக்கு ஆவியாகக்கூடிய எரிபொருள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்பதை அந்தத் தலைமுறை இப்படித்தான் கையால் படித்தது. இன்றைய காரில் அதே வேலையைக் கணினி செய்கிறது. எஞ்சின் தண்ணீரின் வெப்பத்தைச் சென்சரிடம் கேட்டு, குளிர் என்றால் பெற்றோலைக் கூட்டிவிடுகிறது. சென்சர் பழுதாகி “சூடு” என்று பொய் சொன்னால் கூடுதல் பெற்றோல் வராது. விடிய மட்டும் கரைச்சல், மத்தியானம் தொட்டவுடன் பிடிக்கும் என்ற காருக்கு இதையும் சோதிக்க வேண்டும். கராஜில் ஸ்கானர் பூட்டினால் உடனே தெரியும்: இரவு முழுக்க நின்ற காரில் 28 பாகைக்குப் பதிலாக 80 காட்டினால் வேறு சாட்சி வேண்டாம்.

அதற்கு முதல் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். திறப்பை ‘ஓன்’ வரை திருப்பி மூன்று செக்கன் விட்டு அணையுங்கள். மூன்று தரம் இப்படிச் செய்து, நான்காம் தரம் ஸ்ரார்ட் பண்ணுங்கள். உடனே பிடித்தால், இரவில் பெற்றோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்பின் வால்வோ இன்ஜெக்டரோ ஒழுகுகிறது. பம்பை மாற்றுவது செலவான வேலை. அவசரமில்லை என்றால் இந்த மூன்று தரத் திருப்பலோடு சில மாதம் ஓடலாம், ஆனால் பெற்றோல் மணம் வந்தால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். ஸ்பார்க் பிளக் மாற்றி நாளாகிவிட்டதென்றால் பம்பை நினைப்பதற்கு முதல் அதை மாற்றுங்கள்.

டீசல் வான் வைத்திருப்பவர்கள், குளிர்ந்த எஞ்சினுக்குள் சூடு கொடுக்கும் ஹீற்றர் பிளக்கிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றிரண்டு எரியாவிட்டால் விடிய வெள்ளைப் புகையோடு நொண்டிப் பிடிக்கும். அடுத்த சந்தேகம் டீசல் பைப்பில் காற்று. கைப்பம்பை அடித்தபின் பிடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது. ஹைபிரிட் காரில், ரொயோட்டா அக்குவா மாதிரியானதில், தனி ஸ்ராட்டர் மோட்டரே இல்லை. ‘ரெடி’ விளக்கு வராவிட்டால் பெரிய பற்றரி போய்விட்டதென்று நெஞ்சு பதறாமல், சின்ன 12 வோல்ற் பற்றரியை முதலில் அளந்து பாருங்கள். அது ‘ரெடி’யில் இருக்கும்போது மட்டுமே சார்ஜ் ஏறும். பாட்டுக் கேட்க மட்டும் காரைப் போட்டு வைத்தால் இறங்கிவிடும்.

தற்காலிக வழிகள்

ஜம்ப் வயரா, கைக்கடக்கமான ஜம்ப் ஸ்ராட்டரா என்றால், குடும்பத்தோடு ஏ9இல் கொழும்புக்குப் போய்வருகிறவர்களுக்கு இரண்டாவது நல்லது. 400 கிலோமீற்றர் பாதையில் இன்னொரு வாகனத்தை மறிக்கத் தேவையில்லை. ஊருக்குள் ஓடுகிறவருக்கு மொத்தமான வயர் போதும். சிவப்பு இறங்கிய பற்றரியின் பிளஸுக்கு, மற்ற முனை நல்ல பற்றரியின் பிளஸுக்கு. கறுப்பு நல்ல பற்றரியின் மைனஸுக்கு, கடைசி முனை பற்றரி இறங்கிய காரின் எஞ்சினில் வெறும் இரும்புக்கு. கடைசித் தொடுப்பில் பொறி பறக்கும், பற்றரியிலிருந்து ஐதரசன் வெளிவரும். அதனால்தான் அந்த முனையைப் பற்றரிக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. தள்ளி ஸ்ரார்ட் பண்ணும் பழைய வித்தை ஓட்டோ கியர் காரில் நடக்காது. எந்த வழியானாலும் பத்துச் செக்கனுக்கு மேல் தொடர்ந்து சுற்றாமல், ஒரு நிமிடம் ஆறவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஓடவென்று போட்டிக்கோவுக்குள் மூடி வைத்த கார்கள் நம் ஊரில் நிறைய. அந்த வீட்டு ஐயாமார் கிழமைக்கு ஒருக்கால் ஸ்ரார்ட் பண்ணி ஐந்து நிமிடம் விட்டு அணைப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் பற்றரிக்கு அது நட்டம். சும்மா நின்று ஓடும் அந்த ஐந்து நிமிடத்தில், இரவிலும் பகலிலும் அலாரம் குடித்தது ஈடாகாது. மூன்று மாதம் அசையாத காரென்றால் மைனஸைக் கழற்றி வைப்பது இலவச வழி. தானாகச் சார்ஜைப் பேணும் சின்னச் சார்ஜர் அதைவிடச் சிறந்தது. ஓட ஆளிருந்தால் இரண்டு கிழமைக்கு ஒருக்கால், ஏசி போடாமல், ரவுணிலிருந்து காங்கேசன்துறை வரை போய்த் திரும்பச் சொல்லுங்கள். போக ஏறக்குறைய 20 கிலோமீற்றர், வர 20. பற்றரியோடு ரயரும் பிரேக்கும்கூட உயிரோடு இருக்கும்.